பழியை வெயில் தலையில் கட்டுவது

"நம்ம ஊரு வெயிலுக்கு சைக்கிள்லாம் செட் ஆகாது பாஸ்."

மதுரையில் இந்த வாக்கியத்தை எத்தனை வாயில் கேட்டிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. அலுவலகத்தில் டீ குடிக்கும்போது, அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்தில், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் வாயால். எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, புவியியல் பாடத்தில் வரும் மாற்ற முடியாத விதி ஒன்றைச் சொல்வதுபோல. கூடவே ஒரு வால் வாக்கியமும் வரும்: "ஃபாரின்ல ஓட்டலாம். அங்க சும்மா ஜில்லுனு இருக்கும்."

அந்த ஜில்லுனு எப்படி இருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

வேலை நிமித்தம் இரண்டு குளிர்காலம் ஃபின்லாந்தில் ஔலு என்ற ஊரில் இருந்தேன். வட அட்சரேகை 65. மதுரை பத்தைக்கூடத் தொடவில்லை. டிசம்பர் கடைசியில் அங்கே பகல் என்பது மூன்றரை மணி நேரம். ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி சாதாரண நாள். இருபதுக்குக் கீழே இறங்கும் நாள்களும் உண்டு. மூச்சை இழுத்தால் மூக்குக்குள் இருக்கும் முடி உறைந்து குத்தும். கண்ணில் வரும் நீர் இமையில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். நம் ஆள் சொல்லும் ஜில்லு இதுதான்.

அந்த ஊரில் அந்தக் குளிரில், பயணங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று சைக்கிளில் நடக்கிறது. ஓட்டுகிறவர்கள் யாரும் சாகசக்காரர்கள் இல்லை. கூடையில் காய்கறியோடு போகும் பாட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவர்கள். பள்ளி வாசலில் பனி மூடிய சைக்கிள்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்து முதல் வாரம் நான் போட்டோ எடுத்தேன். இரண்டாவது வாரம் எடுக்கவில்லை. அங்கே அது செய்தியே இல்லை.

இவர்களுக்கு மட்டும் குளிராதா? குளிரும். ஆனால் 1970களிலிருந்தே அந்த ஊர் சைக்கிளுக்கென்று தனிப்பாதை போட்டுக்கொண்டே வந்திருக்கிறது. இன்று அது பல நூறு கிலோமீட்டர். பெரிய சாலையைக் கடக்க வேண்டிய இடங்களில் கீழே சுரங்கப்பாதை. ராத்திரி பனி கொட்டினால் விடிவதற்குள் வண்டி வந்து முக்கியப் பாதைகளை வழித்துவிடும். உப்பைக் கொட்டிச் சேறாக்காமல், பனியை அழுத்தமான ஒரு தளமாக விட்டு, மேலே பொடி ஜல்லி தூவுகிறார்கள். அந்த வெள்ளைத் தரையில் ஆணி பதித்த டயர் கடித்துக்கொண்டு ஓடும். குளிர்கால சைக்கிள் பயணத்துக்கென்றே ஒரு சர்வதேச மாநாடு 2013இல் முதன்முதலாக நடந்ததும் இதே ஊரில்தான்.

அங்கே எனக்குப் பழக்கமான செல்லூர்க்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஏழு கிலோமீட்டர் தள்ளி வீடு. குளிர்காலம் முழுக்கச் சைக்கிள். பிறகு இருவரும் ஊர் திரும்பிவிட்டோம். இப்போது அவருக்கு இலந்தைக்குளத்தில் வேலை, நாலு கிலோமீட்டரில் வீடு. கார்.

"என்னண்ணே, மைனஸ் இருபதுல ஏழு கிலோமீட்டர் மிதிச்சீங்க. இங்கன நாலுக்குப் போய்க் காரா?" என்று கேட்டேன்.

"டேய், அங்க ரோடு இருந்துச்சுடா" என்றார். ஒரு வாய் காபி குடித்தார். "அப்புறம் இந்த வெயில் வேற."

அந்த வரிசையைக் கவனியுங்கள். உண்மை முதலில் வந்துவிட்டது. யோசித்த பிறகு வந்தது வெயில்.

இது ஒரு அண்ணனின் கதை மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். 2006இல் ஜான் புச்சர், ரால்ஃப் பியூலர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கனடாக்காரர்கள் ஏன் அமெரிக்கர்களைவிட அதிகமாகச் சைக்கிள் ஓட்டுகிறார்கள் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் ஒரு ஒப்பீடு வருகிறது. கனடாவின் வடமேற்கு மூலையில், அலாஸ்காவை ஒட்டிக் கிடக்கும் யூகான் பிரதேசத்தில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களின் விகிதம், வருஷம் பூராவும் இதமான வெயிலடிக்கும் கலிஃபோர்னியாவைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பருவநிலைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால் இந்தக் கணக்கு தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

இந்த இடத்தில் எதிராளிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். குளிரும் வெயிலும் ஒன்றல்ல. நாம் செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ கால் பங்குதான் பெடலுக்குப் போகிறது, மிச்சமெல்லாம் சூடு. ஔலுவில் அந்தச் சூடு நம் கட்சி. பத்து நிமிடம் மிதித்தால் உடம்பே அடுப்பாகி, ஜாக்கெட்டின் ஜிப்பைக் கொஞ்சம் இறக்கிவிடத் தோன்றும். மதுரையில் அதே சூடு எதிர்க்கட்சி. குளிருக்கு மேலே மேலே போட்டுக்கொள்ளலாம். வெயிலுக்குக் கழற்ற ஓர் எல்லை இருக்கிறது, அதற்குப் பிறகு போலீஸ் பிடிக்கும். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும் மத்தியானத்தில் ஒரு மணிநேரம் மிதிப்பது ஆபத்து, ஆளையே சாய்த்துவிடும். இதை மறுத்துப் பேசுகிறவன் அந்த நேரத்தில் வெளியே வந்தே இராதவன்.

ஆனால் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். ஓடும்போது அவ்வளவு சுடாது. மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் போனால் நாமே உண்டாக்கும் காற்று வியர்வையைக் காயவைக்கும். சென்னையைப் போலக் கசகசவென்று ஒட்டாத மதுரைக் காற்றில் நன்றாகவே காயும். நின்றால்தான் செத்தோம். கோரிப்பாளையம் சிக்னலில் கீழே தார் கொதிக்க, பக்கத்தில் பஸ்ஸின் எஞ்சின் அனல் அடிக்க, தலைக்கு மேல் ஒன்றுமே இல்லாமல் நிற்கும் அந்த நேரம் இருக்கிறதே, உயிரை எடுப்பது அதுதான். அப்படியென்றால் நம் பிரச்சினையின் பெயர் நிழலும் நிறுத்தமும். ஔலுவுக்குப் பனி எப்படியோ நமக்கு இவை அப்படி. ஆள் வைத்து, வண்டி வைத்து, மரம் வைத்து, பந்தல் வைத்துச் சரிசெய்யக்கூடிய வேலை.

(போகிற போக்கில் ஒரு சின்ன விஷயம். கோடையில் டயரில் காற்றைக் கொஞ்சம் கம்மியாக அடிக்கச் சொல்வார் நம்ம பஞ்சர் கடை அண்ணன். வெயிலில் நிறுத்தினால் ட்யூப் வெடித்துவிடுமாம். ஔலுவில் பனியில் பிடிமானம் வேண்டும் என்று அங்கேயும் காற்றைக் கம்மி செய்வார்கள். காரணம் வேறு, பம்ப்பை நிறுத்தும் இடம் ஒன்று.)

இப்போது என் உண்மையான கோபத்துக்கு வருகிறேன். "இந்த வெயிலில் சைக்கிள் ஓட்ட முடியாது" என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் உங்கள் காரின் இடப்பக்கம் ஒருவர் ஓட்டிக்கொண்டு போகிறார். கேரியரில் சாப்பாட்டுத் தூக்கு, ஹேண்டில்பாரில் கரண்டியும் மட்டப்பலகையும் மாட்டிய பை. கொத்தனார். அவருக்குப் பின்னால் ஏடிஎம் காவலுக்குப் போகும் அறுபது வயதுக்காரர், யூனிஃபார்ம் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டுத் தலையில் துண்டு போட்டிருக்கிறார். விடிவதற்கு முன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலிருந்து மூட்டையோடு கிளம்புகிறவர்கள், வில்லாபுரம் பக்கம் டீ கேன் கட்டிக்கொண்டு சுற்றுகிறவர், கத்தி சாணை பிடிக்கிறவர். அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். 2001-02இல் பட்டியல், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம் பிறகு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவர் அனைவருக்கும் என்று விரிந்தது. ஆண்டுக்குச் சில லட்சம் சைக்கிள் என்ற அளவில் அரசே வாங்கிக் கொடுக்கிறது. வாங்கிக் கொடுக்கிற அரசு அதை எந்த ரோட்டில் ஓட்டுவது என்று மட்டும் சொல்வதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விவசாயமும் வீட்டுத் தொழிலும் தவிர்த்த வேலைகளுக்குப் போகிறவர்கள் எதில் போகிறார்கள் என்ற விவரம் இருக்கிறது. நாடு முழுக்கச் சைக்கிளில் போனவர்கள் நூற்றுக்குப் பதின்மூன்று பேர், இரண்டரைக் கோடிக்கு மேல். ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள், மொபெட் எல்லாம் சேர்த்தாலும் அதைவிடக் கொஞ்சம் குறைவு. அன்றைக்கும் இதே வெயில்தான் அடித்தது. இன்று அந்த விகிதம் மாறியிருக்கும். ஆனால் அந்தக் கோடிகள் ஒரே ராத்திரியில் ஆவியாகிவிடவில்லை.

"முடியாது" என்ற சொல் இவர்களை அழிக்கிறது. முடியாத ஒன்றைச் செய்கிறவர் யாரும் இருக்க முடியாதல்லவா? இல்லாதவருக்கு எதற்குப் பாதை, எதற்கு நிழல்? சாலைத் திட்ட வரைபடத்தில் அவருக்குக் கோடு கிடையாது. ஆண்டுக்கு நாலாயிரத்துக்கு மேற்பட்ட சைக்கிள்காரர்கள் இந்தியச் சாலைகளில் செத்துப்போகிறார்கள் என்று மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கையே எண்ணிச் சொல்கிறது. செத்த பிறகு மட்டும் கணக்கில் வந்துவிடுகிறார்கள்.

மார்கழி வந்தால் மதுரையில் இன்னொரு கூட்டம் கிளம்பும். விடிகாலை 20 டிகிரி, நம் ஊருக்கு அது கடுங்குளிர். ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, பளபளவென்று ஒட்டிய பனியன். ஆனைமலை வரை போய், ஒத்தக்கடையில் வடையும் காபியும் சாப்பிட்டு, எட்டு மணிக்குள் வீடு. நானும் அவர்களோடு போயிருக்கிறேன், நல்ல மனுஷங்கதான், ரசனையும் உண்டு. ஆனால் பங்குனி பிறந்ததும் "சீசன் முடிஞ்சிருச்சு" என்று சைக்கிளைச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். கொத்தனாருக்குச் சீசன் ஏது? மதுரையின் சைக்கிள் பண்பாடு என்று பேச்சு வரும்போது இந்தக் கூட்டத்தின் புகைப்படம் வருவதும், அந்த ஆள் வராமல் போவதும்தான் எனக்கு ஒவ்வாதது.

வெயில் காரணம் இல்லை என்பதற்கு ஔலுவரை போகவே வேண்டாம். நூறு கிலோமீட்டர் கிழக்கே போனால் புதுக்கோட்டை. மதுரைக்குச் சளைக்காத வெயில், அதைவிட வறண்ட மண். 1991-92இல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்று முடிவெடுத்தார். கல்குவாரியில் வேலை செய்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம செவிலியர்கள் என்று பல ஆயிரம் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு வந்தபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்னால் பார் இருந்தால் பிள்ளையை உட்கார வைக்க வசதி. பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியது உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது. அந்தப் பெண்களைத் தடுத்தவர்கள் யாரும் "வெயிலாச்சே தாயி" என்று கரிசனப்படவில்லை. "பொட்டச்சிக்கு எதுக்குடி சைக்கிளு" என்றுதான் கேட்டார்கள். மறைக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. நம் காலத்தில் "அது ஏழைகளின் வண்டி" என்று நேரடியாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதனால் வெயிலைக் கூப்பிடுகிறோம்.

அதுவும் மதுரைக்காரன் வெயிலைக் காரணம் சொல்லலாமா? வருஷத்தின் உச்ச வெயிலில் பெருந்திருவிழா நடத்துகிற ஊரய்யா இது! சித்ரா பௌர்ணமிக்கு அழகர், அழகர்கோயிலிலிருந்து இருபது கிலோமீட்டர் வந்து வைகையில் இறங்குகிறார். லட்சக்கணக்கானவர்கள் கூடவே நடக்கிறார்கள், பலர் செருப்புக்கூட இல்லாமல். எப்படி முடிகிறது? வழி நெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள், ஒவ்வொன்றிலும் பந்தல். நீர்மோர், பானகம், தண்ணீர்ப் பந்தல். தோல் பையில் நீர் நிரப்பித் துருத்தியால் பீய்ச்சி அழகரையும் கூட்டத்தையும் குளிர்விக்கிறார்கள். ஔலுவில் பனி வழிக்கும் வண்டி எதுவோ மதுரையில் அது இந்தப் பந்தல். வெயிலை எப்படி நிர்வகிப்பது என்று இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் விழா முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிடுகிறோம். மறுநாள் அதே ரோட்டில் அதே வெயிலில் சைக்கிளில் போகிறவருக்கு ஒரு தட்டி நிழல் கிடையாது.

பக்தியால் மட்டும் நடக்கிற காரியம் இது என்றும் சொல்லிவிட முடியாது. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட மங்கம்மாள் சாலை போட்டார், சாலையோரம் மரம் வைத்தார், சத்திரம் கட்டினார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம் இன்றும் நிற்கிறது. தென் மாவட்டங்களில் மங்கம்மாள் சாலை என்ற பெயர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. சாலை என்றால் நிழலும் தண்ணீரும் சேர்ந்தது என்று முந்நூறு வருஷத்துக்கு முன் இந்த ஊர் அரசாங்கத்துக்குத் தெரிந்திருந்தது. நாம் என்ன செய்தோம்? நாலுவழி, ஆறுவழி என்று அகலப்படுத்தும்போது முதலில் விழுவது ஓரத்துப் புளியமரம். பிறகு நடுவே உள்ள தடுப்பில் அரளிச் செடி வைக்கிறோம். அரளி நிழல் அதன் காலடியைத் தாண்டாது.

2023இல் நத்தம் சாலை மேம்பாலம் திறந்தார்கள். ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளம், கார்கள் மேலே பறக்கின்றன. வேடிக்கை என்னவென்றால் மதுரையில் சைக்கிள்காரருக்குக் கிடைத்திருக்கும் மிக நீளமான நிழல் அந்தப் பாலத்துக்குக் கீழே விழும் நிழல்தான். யாரும் அவரை நினைத்துப் போட்டதில்லை. ஆனாலும் மத்தியானத்தில் அந்த வழியாகப் போகிறவர்கள் தூண் ஓரமாகவே நகர்வதைப் பார்க்கலாம். நிழல் இருந்தால் ஓட்டுவார்களா என்று ஆய்வுக் குழு போடுகிறவர்கள் ஒருநாள் அங்கே போய் நின்று பார்த்துவிட்டு வரலாம்.

சமீபத்திய கோடைகளில் தமிழ்நாட்டின் சில ஊர்களில் சிக்னலில் பச்சை வலைப் பந்தல் போடுகிறார்கள். நல்ல காரியம், மனசாரச் சொல்கிறேன். அரசு நினைத்தால் ஒரே நாளில் முடிகிற வேலை என்பது அதில் தெரிந்துவிட்டது. பைக்கில் போகிறவர்கள் முணுமுணுத்தார்கள், பந்தல் வந்தது. அத்தனை காலமாக அதே சிக்னலில் காலை ஊன்றி நின்ற சைக்கிள்காரர் முணுமுணுக்கவில்லையா என்ன? கேட்கிற தூரத்தில் யாரும் இல்லை.

"சைக்கிள் ஓட்டுறவங்களே எப்படா எக்ஸெல் வாங்குவோம்னுதான் இருக்காங்க, நீ எதுக்கு அவங்களுக்கு வக்காலத்து வாங்குற?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அந்தக் கொத்தனார் நாளைக்கே வண்டி வாங்கினால் எனக்குச் சந்தோஷம். ஏழ்மையைப் பசுமை என்று பெயர் மாற்றி அவர் தலையிலேயே கட்டும் அயோக்கியத்தனத்தை நான் செய்ய மாட்டேன். ஆனால் அவர் பணம் சேர்க்கும் அந்த ஐந்து வருஷமும் உயிரோடு இருந்தாக வேண்டும். அவர் மகள் பிளஸ் ஒன்னில் வாங்கிய சைக்கிளில் பத்திரமாக வீடு வந்து சேர வேண்டும். அந்தப் பெண் நாளைக்கு இலந்தைக்குளத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், விருப்பப்பட்டால், வெட்கப்படாமல் அதே சைக்கிளில் வரலாம் என்று ஒரு நிலைமை வேண்டும். ஔலுவில் அந்தப் பாட்டியிடம் காரும் இருந்திருக்கலாம். அன்றைக்குச் சைக்கிளில் வந்திருந்தார், அவ்வளவுதான்.

நான் பொறியியல் படித்தவன், சிவில் இல்லை, கணினி. இருந்தாலும் திசை தெரியும். அழகர்கோயில் சாலை ஊரிலிருந்து ஏறக்குறைய வடக்கே போகிறது. சாயங்கால வெயில் மேற்கிலிருந்து வரும். சாலையின் மேற்கு ஓரத்தில் மட்டும், மூன்றுமாவடியிலிருந்து அப்பன்திருப்பதி வரை, இருபதடிக்கு ஒரு புங்கமோ வேம்போ வைத்தால் போதும். சில வருஷத்தில் நிழல் கிழக்கே சாய்ந்து தார்மேல் விழ ஆரம்பித்துவிடும். அந்த ஓரத்தில் நாலடி அகலத்துக்கு ஒரு கல் வரப்பு, பஸ் ஏற முடியாத உயரத்துக்கு. அழகர் வரும் நாளில் மரத்தடியில் மண்டகப்படி போடுகிறவர்களுக்கும் செலவு மிச்சம். பள்ளிக்கூடம் விடுவது நாலு மணி சுமாருக்கு. அப்போதைய வெயிலுக்கு நிழல் எங்கே விழும் என்பதைப் பிளஸ் ஒன் பிள்ளைகளே ஒரு குச்சியை நட்டுவைத்துச் சொல்லிவிடுவார்கள்.